துளைக்குள் ஊசி இருக்கும்போது திருப்பாதே

உனக்கு,

நீ இன்னும் எனக்குப் பிறக்கவில்லை. நான் இப்போதுதான் ப்ளஸ் ஒன் படிக்கிறேன். இருந்தாலும் இது உனக்குத்தான். இன்று வகுப்பில் தமிழ் மிஸ் ஒரு கடிதம் எழுதிவரச் சொன்னார்கள். நீங்கள் ஒரு தாய், உங்கள் மகன் வளர்ந்து வேலைக்காக வெளியூர் போகிறான், அவனுக்கு அறிவுரை சொல்லி எழுதுங்கள் என்றார்கள். ஸ்கூல் விட்டு வந்ததுமே ஒரு பக்கம் எழுதிப் பையில் வைத்துவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு, பெரியவர்களை மதி, செல்போனைக் குறைத்துக்கொள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. மிஸ்ஸுக்குப் பிடிக்கும். அந்தக் கடிதத்தை எழுதிய அம்மா யார் என்று எனக்கே தெரியவில்லை. அவளுக்கு எதுவும் வலித்ததே இல்லை போலிருக்கிறது. இது வேறு கடிதம். என் அம்மா தூங்கிய பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து, வீணாய்ப் போன பிரிண்ட் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதால் வரிகள் கோணிக்கொண்டு போகின்றன. பொறுத்துக்கொள்.

என் வலது கண்ணுக்குள் ஏதோ இருக்கிறது. சாயங்காலம் சர்க்யூட் போர்டில் ஓட்டை போடும்போது டிரில்லின் நுனி உடைந்து தெறித்தது. ஒரு துண்டு தரையில் கிடந்தது. இன்னொரு துண்டைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கண்ணைக் குழாய்த் தண்ணீரில் கழுவினேன். கழுவும்போது சரியாகிவிட்டது போல இருக்கும். இமையை மூடியதும் உள்ளே மணல் உருள்வது போல இருக்கும். இப்போது டியூப் லைட்டைப் பார்த்தால் அதைச் சுற்றி ஒரு மங்கலான வளையம் தெரிகிறது. இடது கண்ணால் பார்த்தால் வளையம் இல்லை. இதை எத்தனை முறை சோதித்தேன் என்று கேட்காதே. சோதித்துச் சோதித்தே களைத்துப்போனேன்.

அம்மா ஹாலில் தூங்குகிறாள். அப்பாவுக்கு நைட் ஷிப்ட். துவாக்குடி பக்கம் ஒரு பேப்ரிகேஷன் கம்பெனியில் வெல்டராக இருக்கிறார், விடிந்துதான் வருவார். அம்மாவை எழுப்பிச் சொல்லிவிட்டால் இந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போகலாம். சொன்னால் டிரில் போய்விடும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொட்டால் அன்றைக்கே மிஷினை எடுத்துவிடுவோம் என்று இரண்டு பேரும் சொல்லித்தான் கொடுத்தார்கள். நான் கண்ணாடி போடவில்லை. சொல்லாமல் இருந்தால் கண்ணுக்கு என்ன ஆகுமோ தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறேன். முடிவெடுக்கத் தைரியம் வருகிறவரை உனக்கு எழுதிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தேன்.

நீ படிக்கும் காலத்தில் வீட்டில் யாரும் சர்க்யூட் போர்டு செய்யாமல் இருக்கலாம். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் ஸ்கூல் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி தினமும் நிரம்பி வழியும். மோட்டாரை நிறுத்த மறந்ததற்காக ஆயாம்மா எல்லோர் முன்னாலும் திட்டு வாங்குவார்கள். தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்கிற மாதிரி ஒரு போர்டு செய்து எக்ஸிபிஷனில் வைக்கலாம் என்று நானும் ஜெசிந்தாவும் பெயர் கொடுத்தோம். ஜெசிந்தா என் பெஞ்சில் உட்காருகிறவள், பாலக்கரையிலிருந்து வருகிறாள். வாய் ஓயாது. சர்க்யூட் படத்தைப் பளபளப்பான தாளில் லேசர் பிரிண்ட் எடுக்க வேண்டும். செம்புத் தகடு ஒட்டிய பலகையின் மேல் அதைக் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்தால் கறுப்புக் கோடுகள் செம்பில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பெர்ரிக் குளோரைடு கரைசலில் போட்டு ஆட்டிக்கொண்டே இருந்தால் கோடு இல்லாத இடத்துச் செம்பெல்லாம் கரைந்துவிடும். இதெல்லாம் எங்களுக்கு இரண்டாவது முறையே வந்துவிட்டது. வராதது ஓட்டைதான்.

எங்கள் ஐ.சி.க்கு, அதாவது போர்டில் உட்கார வேண்டிய கறுப்புச் சிப்புக்கு, நாற்பது கால். எதிரெதிராக இரண்டு வரிசை. ஒவ்வொரு காலுக்கும் ஒரு குட்டி வட்டம், வட்டத்தின் நடுவில் ஒரு ஓட்டை. ஓட்டை பேனா முனையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும். ஒரு ஓட்டை ஒரு மயிரிழை தள்ளிப் போனால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒன்று இடது பக்கம், அடுத்தது வலது பக்கம், அதற்கடுத்தது மேலே என்று ஆளுக்கொரு பக்கம் போனால் ஐ.சி. உட்காரவே உட்காராது. முதல் போர்டை அப்பா வாங்கித் தந்த குட்டி டிரில்லைக் கையில் பிடித்துத்தான் துளைத்தோம். பிறந்தநாளுக்குச் சுடிதார் வேண்டாம், இதுதான் வேண்டும் என்று அழுது வாங்கியது. எல்லா ஓட்டையும் போட்டுவிட்டுப் பெருமையாக ஐ.சி.யை வைத்து அழுத்தினேன். பாதிக் கால் உள்ளே போனது, பாதி மடங்கி வெளியே நின்றது.

ஜெசிந்தா போர்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "ஏண்டி, இது ஐ.சி.யா மரவட்டையா? பாதிக் கால் நொண்டுதே."

"நீதானே அந்தப் பக்கம் போட்ட?"

"நான் போட்ட பக்கம் ஸ்டைலா இருக்கு பாரு. ஒவ்வொரு ஓட்டையும் டான்ஸ் ஆடுது. பேசாம உங்கம்மாகிட்ட குடுத்துடுவோம்டி. ஆன்ட்டி அழகா நேர் தையல் போட்டுக் குடுத்துடுவாங்க."

அம்மா தையல்காரி. எங்கள் வீட்டு முன்னறையில்தான் தைக்கிறாள். வைகுண்ட ஏகாதசி நெருங்கினால் ஸ்ரீரங்கத்துப் பாதிப் பேருடைய பிளவுஸ் எங்கள் வீட்டில்தான் தொங்கும். ஜெசிந்தா கிண்டலுக்குத்தான் சொன்னாள். எனக்கு அது விளையாட்டாகத் தோன்றவில்லை. தையல் மிஷினில் ஊசி எப்படி இறங்குகிறது என்று நினைத்துப் பார்த்தேன். இடமும் போகாது, வலமும் போகாது. நேராக இறங்கி நேராக ஏறும். எங்கள் டிரில்லுக்கு இல்லாதது அதுதான். அம்மாவிடம் தைக்காத பழைய மிஷின் ஒன்று மூலையில் கிடந்தது. அதன் ஊசி மாட்டுகிற கம்பியில் டிரில் மோட்டாரை இறுக்கிக் கட்டிவிட்டால், பக்கத்துச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினாலே போதும்.

அம்மாவைச் சம்மதிக்க வைக்க ஒரு வாரம் ஆனது. "அது மேல கண்டதையும் மாட்டாத. நாளைக்கு இந்த மிஷின் மக்கர் பண்ணா நான் எதுல தைக்கிறது? ரெண்டாவது மிஷின்னு அது ஒண்ணுதான் இருக்கு" என்றாள். பிறகு ஒருநாள் நான் கேட்காமலே அதைத் துடைத்து எண்ணெய் விட்டு, துணியை அழுத்திப் பிடிக்கிற பாதத்தைக் கழற்றி வைத்தாள். முடியைத் தூக்கிக் கட்டணும், துப்பட்டா போடக் கூடாது, சக்கரத்தைச் சுற்றுகிற கை சக்கரத்தை விட்டு நகரக் கூடாது என்று அவள் பங்குக்கு விதிகள் சொன்னாள். அப்பா கம்பெனியிலிருந்து கிரைண்டிங் வேலைக்குப் போடுகிற வெள்ளைக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தார். "இதப் போட்டாத்தான் ஸ்விட்ச்சு. கழட்டினா அன்னையோட எல்லாம் கட். புரியுதா?" என்றார். புரியுது என்று தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததையெல்லாம் உனக்கும் சொல்லிவிடுகிறேன், தேவைப்பட்டால் வைத்துக்கொள். பிரிண்ட் எடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு வெள்ளைப் புள்ளி விட்டுவிடு. கரைசலில் போட்டு எடுத்ததும் அந்த இடத்துச் செம்பு மட்டும் போய் ஒரு குழி நிற்கும். நுனி தானாக அதில் போய் உட்காரும். அப்போதும் நம்பாமல் ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸ் முள்ளை வைத்து ஒரு சின்னத் தட்டுத் தட்டு. பலகைக்கு அடியில் கெட்டியாக ஏதாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபக்கம் பிய்த்துக்கொண்டு வரும். நான் என் பரீட்சை அட்டையை வைத்தேன். இப்போது அதன் மேல் எழுதினால் பேனா ஓட்டைக்குள் விழுகிறது. யூனிட் டெஸ்டில் என் பேப்பரைத் திருத்திய மிஸ், தாள் முழுக்க ஏன் இப்படிக் குத்தி வைத்திருக்கிறாய் என்று கேட்டார்கள். வேகமாகச் சுழலவிடு, மெதுவாக இறக்கு. தூசியை ஊதாதே, அது கண்ணாடி இழைத் தூசி. ஈரத்துணியால் ஒற்றி எடு. எல்லாவற்றையும்விட, முதலில் வரிசையின் இரண்டு முனைகளில் மட்டும் ஓட்டை போட்டு ஐ.சி.யை வைத்துப் பார். முனை சரியாக இருந்தால் நடுவில் இருப்பது தப்பாது.

இதையெல்லாம் செய்தும் ஒரு சிக்கல் தீரவில்லை. அப்பா கொடுத்த கண்ணாடி பழையது. முழுக்க மெல்லிய கீறல். என் முகத்துக்குப் பெரிதாக இருந்ததால் பட்டையை இறுக்கினால் மூச்சுக்காற்று உள்ளே போய்ப் பனி படிந்துவிடும். அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் வட்டம் தெரியும், வட்டத்தின் நடுக் குழி தெரியாது. டிரில்லின் நுனியைக் குழிக்கு நேரே நிறுத்துவதுதான் மொத்த வேலையும். அது தெரியாவிட்டால் மிஷின் எவ்வளவு நேராக இறங்கி என்ன, தப்பான இடத்தில் நேராக இறங்கும். இரண்டாவது போர்டு அப்படித்தான் போனது. ஜெசிந்தா அதற்கு மரவட்டையின் தங்கச்சி என்று பெயர் வைத்தாள். மூன்றாவது போர்டில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டேன். ஓட்டைகள் அப்படியே நடுவில் விழுந்தன. ஐ.சி. டக்கென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தை ஜெசிந்தாவுக்குப் போனில் கேட்கவைப்பதற்காகத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டினேன். வேறு கண்ணாடி வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், அப்போ இத்தனை நாள் எப்படி ஓட்டை சரியா விழுந்துச்சு என்று கேட்பாரே. அதனால் கேட்கவில்லை.

ஆனால் மூன்றாவது போர்டில் ஒரு செம்புக் கோடு தவறாக இருந்தது. அதனால் இன்று நான்காவது. அம்மா பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் முகத்தை மிஷினுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்திருந்தேன், அம்மா ஊசியில் நூல் கோக்கும்போது வைப்பதுபோல. முதல் வரிசை முடிந்தது. அடுத்த வரிசைக்குப் பலகையைத் திருப்ப வேண்டும். எங்கள் வீட்டில் டிரில் நுனியை ஊசி என்றுதான் சொல்வோம். சொல்லிச் சொல்லி எனக்கு அது ஊசியாகவே ஆகிவிட்டது. அம்மா பிளவுஸ் கழுத்து தைக்கிறபோது மூலை வந்ததும் என்ன செய்வாள் தெரியுமா? ஊசியைத் துணிக்குள்ளேயே இறக்கி வைத்துவிட்டு, அதையே அச்சாக வைத்துத் துணியைத் திருப்புவாள். அப்போதுதான் மூலை கூர்மையாக வரும். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் கை அதைத்தான் செய்தது. டிரில் சுழன்றுகொண்டிருக்கும்போதே, ஊசி துளைக்குள் இருக்கும்போதே, பலகையைத் திருப்பிவிட்டேன்.

துணி வளைந்துகொடுக்கும். பலகை கொடுக்காது. அந்த நுனி பார்க்கத்தான் இரும்பு மாதிரி இருக்கும், பக்கவாட்டில் ஒரு மயிரிழை இழுத்தால் வளையல் மாதிரி உடைந்துவிடும். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். கண்ணில் சுள்ளென்றது. முதலில் நான் பார்த்தது என் கண்ணை அல்ல, போர்டைத்தான். ஓட்டை கெட்டுப்போயிருக்குமோ என்று. அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கிறது.

அம்மா கூடையோடு உள்ளே வந்தபோது கண்ணாடி என் நெற்றியில் இல்லை. சரியாக மூக்கின் மேல் இருந்தது. நான்தான் இறக்கிவிட்டிருந்தேன். "கண்ணு ஏன்டி செவந்திருக்கு?" என்றாள். தூசி என்றேன். இமையை விரித்துப் பார்த்தாள், ஊதினாள், முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துச் சூடாக்கி ஒற்றினாள். "சரியாப் போச்சா?" என்றாள். ம் என்றேன். "ராத்திரி படிக்காத. கண்ண மூடிப் படு" என்று சொல்லிவிட்டுத் தைக்க உட்கார்ந்துவிட்டாள். நாளைக்குக் கொடுக்க வேண்டிய பிளவுஸ் இருந்தது.

எங்கள் வீட்டில் யாரும் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. போன வருஷம் அம்மாவின் ஆள்காட்டி விரலில் நகத்தோடு ஊசி இறங்கிவிட்டது. நான் பக்கத்து அறையில்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம் வரவில்லை. அவளே சக்கரத்தைப் பின்னால் சுற்றி ஊசியை எடுத்து, துணி சுற்றிக்கொண்டு, மீதித் தையலையும் முடித்திருக்கிறாள். பிளவுஸ் வாங்க வந்து வாசலில் நின்ற மாமி, "ஏன் இவ்ளோ நாழி? ஊக்கு வெச்சுட்டியோன்னோ?" என்று கேட்டதற்கு, "வெச்சுட்டேன் மாமி" என்று சிரித்துக் கொடுத்தனுப்பினாள். சாப்பாடு பிசையும்போதுதான் நான் விரலைப் பார்த்தேன்.

"ஏம்மா சொல்லல?" என்று கத்தினேன்.

"சொன்னா நீ பயப்படுவ. பரிட்சை வேற."

"இப்ப மட்டும் பயப்படலையா?"

"இப்ப ரத்தம் நின்னுடுச்சுல்ல. சாப்பிடு."

அப்பா அதற்கு மேல். ஒருநாள் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவர் ஈரத்துண்டைக் கண்ணில் போட்டுப் படுத்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. தலைவலி என்றார். வெல்டிங் வெளிச்சம் அடித்துவிட்டது என்று ராத்திரி அவரோடு வேலை செய்கிறவர் போன் செய்து விசாரித்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மா அழுதுகொண்டே உருளைக்கிழங்கு சீவினாள், அதைக் கண்ணில் வைத்தால் எரிச்சல் குறையும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?" என்று கேட்டாள். அப்பா துண்டுக்கு அடியிலிருந்து, "சொன்னா நீ வேலைக்கு அனுப்ப மாட்ட" என்றார். அம்மா கிழங்கை மாற்றி வைத்தாள்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கும் அதுவே வந்துவிட்டது. அம்மா என்னைப் பயப்படுத்தக் கூடாதென்று மறைத்தாள், அப்பா வேலை போய்விடக் கூடாதென்று மறைத்தார், நான் டிரில் போய்விடக் கூடாதென்று மறைக்கிறேன். மூன்று பேரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு வலியைப் பொத்தி வைத்துக்கொண்டு ரசம் சாதம் சாப்பிடுகிறோம். சோர்வாக இருக்கிறது. பயத்தைவிட இந்தச் சோர்வுதான் பெரிதாக இருக்கிறது. எதையாவது மறைத்துக்கொண்டே இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு இன்று ஒரே சாயங்காலத்தில் தெரிந்துவிட்டது.

அதனால் பையில் இருக்கிற கடிதத்தில் எழுதாத ஒன்றை இதில் எழுதுகிறேன். நீ வளர்ந்து எங்கே இருந்தாலும் சரி, என்ன வேலை செய்தாலும் சரி. நான் சொல்லாதே என்று சொன்னதைச் செய்திருந்தாலும் சரி. உனக்கு அடிபட்டால் என்னை எழுப்பு. நான் எவ்வளவு அசந்து தூங்கினாலும் எழுப்பு. கண்ணாடி போட்டாயா என்று முதலில் கேட்க மாட்டேன். எங்கே வலிக்கிறது என்றுதான் கேட்பேன். திட்ட மாட்டேன். உன் கையிலிருந்து உனக்குப் பிடித்ததைப் பிடுங்க மாட்டேன். இது சத்தியம்.

எழுதி முடித்துவிட்டுத் திரும்பிப் படித்தேன். என் அம்மா இதையெல்லாம் சொல்ல மாட்டாள் என்று எனக்கு யார் சொன்னது? அவளுக்குச் சொல்லிப் பார்க்க ஒரு வாய்ப்பே நான் கொடுக்கவில்லையே. கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. வளையம் பெரிதாகிவிட்டது போல இருக்கிறது. போகிறேன்.

*

மறுநாள் ராத்திரி. வலது கண்ணில் கட்டு இருக்கிறது. இடது கண்ணால் எழுதுகிறேன். நடந்ததை உனக்குச் சொல்லாமல் விடக் கூடாது.

அம்மாவின் தோளைத் தொட்டேன். "என்னடி, தண்ணி வேணுமா?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"கண்ணு வலிக்குதும்மா."

"தூசின்னியே."

"தூசி இல்ல. ஊசி ஒடஞ்சு தெறிச்சிடுச்சு."

எழுந்து உட்கார்ந்தாள். லைட்டைப் போட்டாள். என் முகவாயைப் பிடித்துத் தூக்கி, வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள், "கண்ணாடி?"

"போடல."

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவள் அவிழ்ந்த முடியை அள்ளி முடிந்தாள். "செருப்பப் போடு" என்றாள். அவ்வளவுதான். தெருமுனை ஆட்டோக்காரரைப் போனில் எழுப்பினாள். காவேரிப் பாலத்தில் ஆட்டோ போகும்போது அப்பாவிடம் பேசினாள். "ஒண்ணுமில்லங்க. பாப்பாவுக்குக் கண்ணுல சின்னதா தூசி. காமிச்சுட்டு வந்துடறோம். நீங்க ஷிப்ட் முடிச்சு நிதானமா வாங்க." குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்தது. நான் கண்ணைக் கசக்கிவிடக் கூடாதென்று என் இரண்டு மணிக்கட்டையும் ஒரு கையால் பிடித்திருந்தாள். அந்தக் கை உதறிக்கொண்டே இருந்தது. ஆட்டோ ஆடுவதால் என்றுதான் முதலில் நினைத்தேன். சிக்னலில் ஆட்டோ நின்றது. கை நிற்கவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு டாக்டர் அக்கா. மரத்துப்போக மருந்து விட்டு, ஒரு மிஷினில் முகவாயை வைக்கச் சொல்லி, வெளிச்சம் அடித்துப் பார்த்தார். துண்டு கருவிழியின் மேல் குத்தி நின்றிருந்தது. உள்ளே போகவில்லை. எடுத்து ஒரு வெள்ளைப் பஞ்சில் வைத்துக் காட்டினார். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சின்னது. "எப்பம்மா பட்டுச்சு?" என்று என்னைக் கேட்டார். சாயங்காலம் என்றேன். அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "சாயங்காலம் பட்டதுக்கு இவ்ளோ நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க? கசக்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

இவ என்கிட்ட சொல்லல டாக்டர் என்று அம்மா சொல்வாள் என்று காத்திருந்தேன். அம்மா, "தப்புதான் டாக்டர். பாத்தேன், சரியா பாக்கல" என்றாள். நான் வாயைத் திறந்தேன். அவள் என் கையை அழுத்தினாள்.

புண் ஆறியதும் பார்வையைச் சோதிக்க வேண்டும், ஒரு சின்னத் தழும்பு நிற்கலாம், அது நடுவில் விழாமல் இருந்தால் நல்லது என்றார் டாக்டர். நடுவில்தானா, ஓரத்திலா என்று நான் கேட்டேன். "கொஞ்சம் தள்ளி" என்றார். எவ்வளவு தள்ளி என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். பழைய மிஷினிலிருந்து டிரில்லைக் கழற்றி, துணியில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் அழுதேன். "நான்தானே எழுப்பினேன், நான்தானே சொன்னேன்" என்று கேட்டேன். "ஆமா, நீதான் சொன்ன" என்றாள், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு. அப்பா வந்து கட்டைப் பார்த்துவிட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியில் கீறல் இருந்தது, எதுவும் தெரியவில்லை என்று அவரிடம் சொன்னேன். "அத அன்னைக்கே சொல்லக் கூடாதா பாப்பா? புதுசு கொண்டாந்திருப்பேனே" என்றார். அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். "என் கண்ணாடியும் அப்படித்தான் இருக்கு. பழகிடுச்சு, எனக்குத் தோணல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் ஜெசிந்தா வந்தாள். "என்னடி, கடல் கொள்ளைக்காரி மாதிரி கட்டிட்டு இருக்க" என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். பிறகு அம்மாவிடம் மெதுவாக, "ஆன்ட்டி, இன்னும் ஒரு வரிசைதான். டிரில்ல குடுத்தீங்கன்னா எங்க வீட்டுல வெச்சு நான் போட்டுடறேன்" என்றாள். அம்மா தைப்பதை நிறுத்தாமல் கேட்டாள்: "இவ கண்ணாடி இல்லாமத்தான் ஓட்டை போடறான்னு உனக்குத் தெரியுமா?" ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். தையலில் மூலை வந்தது. அம்மா ஊசியை இறக்கி வைத்துத் துணியைத் திருப்பினாள். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எக்ஸிபிஷனுக்கு எங்கள் போர்டு போகாது. டிரில் எப்போது வெளியே வரும் என்று தெரியாது. தழும்பு எங்கே விழுந்திருக்கிறது என்று கட்டைப் பிரித்தால்தான் தெரியும். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பயத்தோடு இன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். விழித்தபோது அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். என் கை கண்ணுக்குப் போனால் தட்டிவிடுவதற்காக.

நேற்று உனக்கு ஒரு சத்தியம் செய்தேன். உன் கையிலிருந்து எதையும் பிடுங்க மாட்டேன் என்று. எழுதும்போது உண்மையாகத்தான் எழுதினேன். அப்போது அம்மாவின் கை உதறியதை நான் பார்த்திருக்கவில்லை. உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்திருக்கும்போது என் கையும் அப்படித்தான் உதறும் என்று நினைக்கிறேன். அந்தக் கை வீட்டுக்கு வந்ததும் என்ன செய்யும் என்று இப்போதே சொல்ல எனக்குத் தெரியவில்லை. பீரோவைத் திறந்து பூட்டினாலும் பூட்டும். அதனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பாதே.

பிடுங்கிவிடுவேன் என்று தெரிந்தே, என்னை எழுப்பு.